பத்துப் பேர் போதும்

ஆர்டெல்லா விக்கம் பள்ளிக்கூடச் சமையலறையில் சோறும் சிவப்பு பீன்ஸும் ஆக்கிப் போட்டே முடி நரைத்தவள். லூசியானாவின் கிழக்கு ஓரத்தில், ஆற்றை ஒட்டிய செயின்ட் ஓமர் என்கிற எங்கள் சின்ன ஊரில் அவள் கையால் சாப்பிடாத கறுப்புப் பிள்ளை கிடையாது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதற்கு வெளியே பலகையில் என்னவோ பெயர் எழுதியிருந்தாலும் கறுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்காராமல் இருக்கத்தான் கட்டினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அது கிடக்கட்டும். இப்படி ஊருக்கே சோறு போட்டவளிடம் அதே ஊரில் பாதிப் பேர் இருபது வருஷத்துக்கு மேல் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் ஒரே ஒரு முற்பகல்.

அவளுக்கு அப்போது நாற்பது வயது. குற்றம் செய்தானா இல்லையா என்று ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து முடிவு சொல்கிற ஜூரிக்கு வரச்சொல்லி கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தது. கைதிக்கூண்டில் லாமார் என்று பத்தொன்பது வயதுப் பையன். ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்த பெட்ரோல் பங்கில் துப்பாக்கியைக் காட்டிப் பணம் பறித்து, கல்லாவில் இருந்த வெள்ளைக்காரரை மண்டையில் அடித்ததாக வழக்கு. அடிபட்டவர் அன்றைக்குப் போலீஸிடம் சொன்னது, முப்பது வயது மதிக்கத்தக்க தாடிக்காரன் என்று. லாமாருக்கு மீசையே அப்போதுதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "சிரைத்திருப்பான்" என்றார் போலீஸ்காரர், சத்தியம் செய்துவிட்டு, கோர்ட்டில், கொஞ்சமும் கூசாமல். அடிபட்டவரும் கூண்டைப் பார்த்து, "இவன்தான், எனக்கு நிச்சயமாகத் தெரியும்" என்றார். அவர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். கறுத்த முகங்களைத் தனித்தனியாகப் பார்த்துப் பழகாத கண் அது, அவ்வளவுதான்.

ஜூரிக்கு ஆள் பொறுக்கும்போது அரசு வக்கீல் கறுப்பர்களாகப் பார்த்துத் தட்டிக்கொண்டே வந்தார். இத்தனை பேரைக் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்று சொல்லலாம் என அவருக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு தீர்ந்த பிறகு மிஞ்சியவர்கள் இரண்டு பேர்: ஆர்டெல்லாவும், மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்த ஹோசியா என்ற கிழவரும். மற்ற பத்துப் பேரும் வெள்ளைக்காரர்கள்.

விசாரணை நடந்த நாளெல்லாம் பின்வரிசையில் லாமாரின் அம்மா வெர்னீஸ் உட்கார்ந்திருந்தாள். ஆர்டெல்லா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. கடையில், சாவு வீட்டில் பார்த்த பழக்கம்தான். ஜூரி எழுந்து தீர்ப்பு பேச உள்ளறைக்குப் போகும்போது ஆர்டெல்லா அவளைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். நான் பார்த்துக்கிறேன், பயப்படாதே என்று அர்த்தம். பன்னிரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் தண்டனை என்றுதான் டெலிவிஷனில் பார்த்திருக்கிறாள். ஒருத்தி மாட்டேன் என்று உட்கார்ந்தால் போதும். அப்படி உட்காரத் தயாராகத்தான் போனாள். பையில் மருந்து மாத்திரையும் மாற்றுத் துணியும்கூட வைத்திருந்தாள்.

உள்ளறையில் தலைமை ஜூரியாக இருந்தவர் இன்சூரன்ஸ் விற்கிறவர். "குற்றம் செஞ்சான்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றார். பத்துக் கை எழுந்தது. ஹோசியா கையை மடியிலேயே வைத்திருந்தார்.

"நான் ஒத்துக்க மாட்டேன்" என்றாள் ஆர்டெல்லா. "அந்தத் தாடி விஷயத்தைக் கொஞ்சம் பேசலாம். அப்புறம் அவனை அன்னிக்குச் சாயங்காலம் மீன் கடையில பார்த்ததா ஒருத்தர் சொன்னாரே, அதையும்..."

"ஆர்டெல்லா" என்றார் அவர். மற்றப் பெண்களையெல்லாம் மிசஸ் போட்டுக் கூப்பிட்டவர் அவளை மட்டும் வெறும் பெயரால்தான் கூப்பிட்டார். "நீ சொல்றது எனக்குப் புரியுது. ஆனா பத்துப் பேர் போதும். நீதிபதி படிச்சாரே, கேக்கலியா?"

"என்ன போதும்?"

"பத்து. நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்கணும்னு அவசியமே இல்ல." சொல்லிக்கொண்டே காவலரைக் கூப்பிடக் கதவுப் பக்கம் இருந்த மணியை அழுத்திவிட்டார். "யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. மத்தியானத்துக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்."

நீதிபதி படித்த நீளமான சட்டத்துக்குள் அதுவும் இருந்ததாம். அவர் படித்த வேகத்தில் அவளுக்கு என்ன புரிந்தது! அவள் வாயைத் திறந்து முடிப்பதற்குள் காவலர் கதவைத் திறந்துவிட்டார். ஹோசியா மட்டும் நாற்காலியை விட்டு எழும்போது, "நம்மள எதுக்குக் கூப்பிட்டாங்க பொண்ணு?" என்று கேட்டார்.

வெளியே "குற்றவாளி" என்று ஒற்றை வார்த்தையில் படித்தார்கள். எத்தனை பேர் ஆமாம் என்றார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்கச் சொல்ல லாமாரின் வக்கீலுக்கு உரிமை உண்டு. சர்க்கார் கொடுத்த வக்கீல். அன்றைக்கு அவருக்கு இன்னும் நாலு வழக்கு. அவர் கேட்கவில்லை. ஜூரி வரிசையில் இரண்டு கறுப்பு முகங்கள் கல்லாக உட்கார்ந்திருந்ததைத்தான் வெர்னீஸ் பார்த்தாள்; பன்னிரண்டு பேரும் சேர்ந்து சொன்னது என்றே அவளும் ஊரும் எடுத்துக்கொண்டார்கள். லாமாருக்கு அறுபது வருஷம். இடையில் விடுதலை கிடையாது. போட்டார்கள், மேஜையைத் தட்டினார்கள், முடிந்தது. ஆற்றுக்கு அக்கரையில், பாலத்தைத் தாண்டி மிசிசிப்பி மாநிலத்தில் அந்த பெட்ரோல் பங்க் இருந்திருந்தால் ஆர்டெல்லா ஒருத்தியின் 'மாட்டேன்' போதும், வழக்கே நின்றிருக்கும். நடந்து போனால் கால் வலிக்காத தூரம்.

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் துக்கம் விழுந்தால் அடுப்பு மூட்ட விட மாட்டோம். ஆளாளுக்கு ஒரு பாத்திரம் கொண்டுபோய் வைப்போம். ஆர்டெல்லாவும் ஒரு பாத்திரம் நிறையக் கோழியும் சோளரொட்டியும் எடுத்துக்கொண்டு போனாள். கதவைத் திறந்தது வெர்னீஸின் தங்கை. வாங்கி உள்ளே வைத்தாள். மறுநாள் காலையில் அந்தப் பாத்திரம் ஆர்டெல்லா வீட்டுப் படியில் இருந்தது. மூடியைக்கூடத் திறக்கவில்லை. எறும்பு மொய்த்துக் கிடந்தது. சாப்பாட்டைத் திருப்பி அனுப்புவது என்றால் எங்கள் ஊரில் அதற்குமேல் பேச எதுவும் இல்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் அவள் பிறவிக் குணம் குறுக்கே வந்தது. வழக்கு நடந்த ஒவ்வொரு சாயங்காலமும் நீதிபதி, "இதைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது; கணவனிடம் கூடாது, பாதிரியாரிடமும் கூடாது" என்று சொல்லித்தான் அனுப்புவார். கடைசி நாள் நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். இனிமேல் பேசலாம் என்று அவர் சொன்னதாக ஆர்டெல்லா காதில் விழவில்லை. கையைத் தூக்கிக் கடவுள் சாட்சியாகச் சொன்ன சத்தியம் அவளைப் பொறுத்தவரை சாகும்வரை சத்தியம். புருஷன் ரூபஸ் துருவித் துருவிக் கேட்டான். சொல்லவில்லை. சொல்லாமலே அவனையும் புதைத்தாள். ஹோசியா டெக்ஸாஸில் மகள் வீட்டுக்குப் போய் அங்கேயே கண்ணை மூடிவிட்டார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? தலைமுடி பின்னும் கடையில் அவள் நுழைந்தால், "வாங்க நீதிபதியம்மா, யாருக்கு இன்னிக்கு எத்தனை வருஷம்?" என்பார்கள். பள்ளியில் பெரிய வகுப்புப் பிள்ளை ஒருவன் தட்டை நீட்டி, "மிஸ் ஆர்டெல்லா, ஜெயில்ல இதவிட நல்லாப் போடுவாங்களாமே, எனக்கும் ஒரு இடம் பார்த்துக் கொடுங்க" என்றான். வரிசையே சிரித்தது. அவள் அவனுக்கு ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டாள். வீட்டுக்கு வந்து அழுதாள். எனக்கு இதைச் சொல்லும்போதும் ஆத்திரம் வருகிறது. ஊமையாக இருந்த அவள்மேல் ஒரு பங்கு, ஊர்மேல் ஒரு பங்கு, அந்தச் சட்டத்தை எழுதினவர்கள்மேல் மீதி எல்லாம்.

அவளுக்கு வயது அறுபதைத் தாண்டிய பிறகு, தேவாலயத்துக் கூடத்தில் ஒரு கூட்டம். அந்தப் பத்துப் பேர் சட்டத்தை மாற்ற வேண்டுமா வேண்டாமா என்று மாநிலம் முழுக்க ஓட்டு வரப்போகிறது. நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஒரு வக்கீல் பெண் வந்திருந்தாள்.

"நூத்திருபது வருஷத்துக்கு முன்னாடி எழுதினது" என்றாள் அவள். "கறுப்பங்க ஜூரியில உக்கார்றதைத் தடுக்க முடியாதுன்னு ஆயிடுச்சு. சரி, உக்காரட்டும், ஆனா அவங்க சொல்றது செல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணாங்க. அப்போ ஒன்பது பேர் போதும்னு இருந்துச்சு. அப்புறம் பெரிய மனசு பண்ணிப் பத்து ஆக்கினாங்க. உங்கள்ல யாராச்சும் ஜூரியில இருந்திருக்கீங்களா?"

கூடம் திரும்பி ஆர்டெல்லாவைப் பார்த்தது. அவள் எழுந்தாள். "நான் இருந்திருக்கேன். ஆனா பேசக்கூடாதில்ல? சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அம்மா, அது வழக்கு முடியற வரைக்கும்தான். தீர்ப்புச் சொன்ன அன்னிக்கே அந்தத் தடை போச்சு. நீங்க யார்கிட்ட வேணாலும் பேசலாம்."

"எப்போலேருந்து?"

"அன்னிக்கே. அந்த நிமிஷமே."

ஆர்டெல்லா நின்றபடியே முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளுக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவிலேயே வெளியே போனாள்.

வெர்னீஸ் தன் வீட்டு முன்புறம் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஆர்டெல்லாவைப் பார்த்ததும் உரிப்பதை நிறுத்தவில்லை. "வழி தவறிடுச்சா?" என்று கேட்டாள்.

"நான் மாட்டேன்னு சொன்னேன் வெர்னீஸ். நானும் ஹோசியாவும். பத்துப் பேர் போதும்னு மணியை அடிச்சுட்டாங்க. பேசக்கூடாதுன்னு நினைச்சுட்டேன். இன்னிக்குத்தான் தெரிஞ்சுது, பேசலாமாம்."

வெர்னீஸ் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "நெசமாவா?"

"தேவன் சாட்சியா."

"அவரை விடு. அவரும் அன்னிக்கு அங்கதான் இருந்தாரு." பட்டாணிக் கூடையைத் தள்ளி வைத்தாள். "உனக்குத் தெரியுமா, இத்தனை வருஷம் நான் எப்படிப் பொழைச்சேன்னு? அந்த நீதிபதி செத்துட்டான். அந்த வக்கீல் ஊரை விட்டுப் போயிட்டான். நீ ஒருத்திதான் ரெண்டு தெரு தள்ளி இருந்தே. காலைல எந்திரிச்சா உன்னைத் திட்டுவேன். உன்னைத் திட்டித்தான் காப்பி குடிப்பேன். இப்போ வந்து நீ நல்லவன்னு சொல்றே. இனிமே நான் யாரைத் திட்டறது, சொல்லு?"

"என்னையே திட்டு. எனக்குப் பழகிப்போச்சு."

"வாயைப் பாரு." வெர்னீஸ் அழ ஆரம்பித்தாள். ஆர்டெல்லா படியேறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் சேர்ந்து மிச்சப் பட்டாணியை உரித்து முடித்தார்கள்.

அதற்குப் பிறகு ஓட்டு நாள்வரை இரண்டு கிழவிகளும் வீடு வீடாகப் போனார்கள். முட்டி வலி, நாய்த் தொல்லை, முகத்தில் அறைந்து சாத்திய கதவுகள் எல்லாவற்றையும் பார்த்தார்கள். மாநிலம் சட்டத்தை மாற்றியது. இனிமேல் பன்னிரண்டு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். தேவாலயத்தில் ஆடினார்கள், பாடினார்கள். வெர்னீஸ் மகனுக்கு இரண்டு சட்டை வாங்கி வைத்தாள். இடுப்பளவு தெரியாததால் பேன்ட் வாங்கவில்லை.

அந்த வக்கீல் பெண்தான் போனில் சொன்னாள். புதுச் சட்டம் புதுக் குற்றங்களுக்குத்தான். பழையவர்களுக்கு இல்லை. பிறகு வாஷிங்டனில் இருக்கிற பெரிய கோர்ட்டும், அந்தப் பத்துப் பேர் வழக்கம் அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்று ஒரு வருஷம் சொன்னது. ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களை விடவேண்டியதில்லை என்று அடுத்த வருஷம் சொன்னது. தப்பு என்று ஒத்துக்கொள்ளவும் செய்தார்கள், தப்பில் மாட்டினவனை விடவும் மாட்டார்கள். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. லாமாருக்குத் தலை நரைத்துவிட்டது. வெர்னீஸ் இரண்டு சட்டையையும் தங்கை பேரனுக்குக் கொடுத்துவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் ஆர்டெல்லாவுக்கு மறுபடியும் கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தது. ஜூரி.

வெர்னீஸுக்குத்தான் முதலில் வேகம் வந்தது. "இப்போ நீ ஒருத்தி போதும்! பன்னெண்டு பேரும் வேணும்ல? யாரு அந்தப் பையன்?"

அந்த வாரம் விசாரணைக்கு வரவிருந்தவன் ட்ரேவன் என்று இருபது வயதுப் பையன். கடை உடைத்துத் திருடி, காவலாளியைக் கத்தியால் கீறியதாக வழக்கு. செய்தானா இல்லையா என்று ஆர்டெல்லாவுக்குத் தெரியாது. "கேட்டாத்தானே தெரியும்? செஞ்சிருந்தா செஞ்சான்னுதான் சொல்வேன்" என்றாள்.

"சொல்லு, யாரு வேண்டாங்கறா? ஆனா உள்ள போய் உக்காந்து சொல்லு. அந்த அரசு வக்கீல் கேப்பான், முன்னாடி இருந்திருக்கியா, என்ன நடந்துச்சு, போலீஸ் மேல நம்பிக்கை இருக்கான்னு. நீ பல்லைக் காட்டு. எல்லாம் சரியா நடந்துச்சுன்னு சொல்லு. ஒண்ணும் தெரியாத சமையக்காரக் கிழவியா இரு. ஒரு பொய், ஆர்டெல்லா. ஒண்ணே ஒண்ணு. எனக்காக."

"பார்க்கலாம்" என்றாள் ஆர்டெல்லா. அன்றைக்கு அவள் அந்தப் பொய்யை நிஜமாகவே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். கண்ணாடி முன் நின்று சிரித்துக்கூடப் பார்த்தாள்.

கோர்ட்டில் கூட்டம். வெர்னீஸ் வந்து பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால் ட்ரேவனின் அம்மா; துணிக்கடையில் வேலை பார்க்கிற சின்ன வயதுப் பெண், கையில் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். கையைத் தூக்கி உண்மையே சொல்வேன் என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். அரசு வக்கீல் இளைஞர், மரியாதையான ஆள். இப்போதெல்லாம் அவர்கள் யாரையும் வெறும் பெயரால் கூப்பிடுவதில்லை.

"மிசஸ் விக்கம், நீங்க முன்னாடி ஜூரியில இருந்திருக்கீங்கன்னு பார்க்கிறேன். அந்த ஜூரி ஒரு முடிவுக்கு வந்துச்சா?"

"வந்துச்சு ஐயா."

"நீங்க அதை ஒத்துக்கிட்டீங்களா?"

ஆம் என்று ஒரு வார்த்தை. இருபது வருஷத்துக்கு மேலாக ஊரே நம்பிய வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் உள்ளே போய் உட்காரலாம். அவள் வெர்னீஸ் பக்கம் பார்க்கவில்லை. தூக்கின கை இன்னும் சூடாக இருந்தது போலிருந்தது அவளுக்கு.

"இல்ல ஐயா. நான் மாட்டேன்னேன். அந்தப் பையன் செய்யலன்னு அன்னிக்கும் நினைச்சேன், இன்னிக்கும் நினைக்கிறேன். அவன் இன்னும் உள்ளதான் இருக்கான்."

"உண்மையைச் சொன்னதுக்கு ரொம்ப நன்றி அம்மா" என்றார் அவர். நிஜமாகவே நன்றியோடுதான் சொன்னார். கொஞ்ச நேரத்தில் நீதிபதி அவளுக்குக் கொடுத்திருந்த எண்ணைப் படித்து, நீங்கள் போகலாம் என்றார். அவளுக்கு முன்னும் பின்னும் இன்னும் நாலு கறுப்பர்களின் எண்ணையும் படித்தார். நிறத்தைக் காரணம் காட்டித் தட்டக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதனால் ஒருத்தருக்கு நிலையான வேலை இல்லை, ஒருத்தர் தரையையே பார்த்தார், ஒருத்திக்கு அண்ணன் உள்ளே இருக்கிறான், ஒருத்தர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அரசு வக்கீலிடம் ஆளுக்கொரு காரணம் இருந்தது. ஆர்டெல்லாவின் காரணம், முந்தைய ஜூரி அனுபவம் கசப்பானது என்பது. பன்னிரண்டு பேரில் ஒரே ஒரு கறுப்பர் மிஞ்சினார். ஓய்வு பெற்ற சிறைக்காவலர்.

வெளிப்படிக்கட்டில் வெர்னீஸ் அவளைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டி? ஒரே ஒரு பொய்தானே கேட்டேன்!"

"வாய் வரலை வெர்னீஸ்."

"பேசக்கூடாதுன்னு யாரும் சொல்லாதப்ப இருபது வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தே. இன்னிக்கு மூட வேண்டிய நேரத்துல திறக்கிறே. உன்னை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

ஆனால் இருவரும் வீட்டுக்குப் போகவில்லை. விசாரணை முடிகிறவரை பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டார்கள். கடைசியில் ஆர்டெல்லாவுக்கு உறுதியாக ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. காவலாளி சொன்ன நேரத்துக்கும் போலீஸ் சொன்ன நேரத்துக்கும் பொருந்தவில்லை. உள்ளே இருந்திருந்தால் அதைக் கேட்டிருப்பாள். கேட்டபிறகு ஒருவேளை அவளே குற்றவாளி என்றும் சொல்லியிருக்கலாம்.

உள்ளறைக்குப் போன ஜூரி காப்பி ஆறுவதற்குள் திரும்பி வந்தது. குற்றவாளி. ட்ரேவனின் வக்கீல் எழுந்து ஒவ்வொருவராகக் கேட்கச் சொன்னார். கேட்டார்கள். ஆமாம், ஆமாம் என்று பன்னிரண்டு பேரும் சொன்னார்கள். ட்ரேவனின் அம்மா கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவளைத் தாண்டிப் போகையில் வெர்னீஸ் அந்தத் தோளில் கைவைத்தாள், பிறகு ஆர்டெல்லாவிடம் சொன்னாள்: "இதுல சட்டம் தப்புன்னு யார்கிட்டயும் போய்ச் சொல்லவும் முடியாது. பன்னெண்டு பேரும் ஒரே மனசா இருந்துட்டாங்க."